மாவளிக்கு வேலை சித்திரையிலயே ஆரம்பிக்கணும்: பசங்களோட ஒரு பனை வருஷம்

மாவளின்னா பனம்பூவ சுட்ட கரித்தூள துணியில கட்டி, கயித்துல பொறி பறக்க சுத்தறது. இந்தக் கார்த்திகை தீபத்துக்கு எங்க மாவளி நல்லா பொறி விட்டுச்சு. போன வருஷம் விடல. நடுவுல என்ன மாறிச்சுன்னு பசங்க நோட்டுலேருந்து பாத்து எழுதறேன். ஏன்னா வீட்டுலயே புள்ளைங்கள படிக்கவைக்கற நெறைய பேரு என்கிட்ட "சீசனுக்கு ஏத்த மாதிரி பசங்களுக்கு என்ன கைவேலை குடுக்கறது, ஐடியா சொல்லுங்க"ன்னுதான் கேக்கறாங்க. ஐடியாவுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே கெடையாது, அந்தப் பொருள் எந்த மாசத்துல கெடைக்கும், எப்பவே எடுத்து வச்சிருக்கணும்ன்றதுலதான் எல்லாம் இருக்கு.

நாங்க இருக்கறது விழுப்புரம் மாவட்டத்துல விக்கிரவாண்டி பக்கம் ஒரு கிராமம். பெரியவளுக்கு 7 வயசு, சின்னவனுக்கு 5. காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஏரிக்கரை, மழைன்னா திண்ணை, மத்தியானம் ஒரு மணி நேரம் எழுத்தும் கணக்கும், அவ்ளோதான் எங்க டைம்டேபிள். பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்கன்னு சொந்தக்காரங்க கேக்கும்போது என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி பத்தி சொல்றேன், அதுல ஓபன் பேசிக் எஜுகேஷன்ல ஏ லெவல் மூணாங்கிளாஸுக்கு சமம், பி அஞ்சாங்கிளாஸ், சி எட்டாங்கிளாஸ், பத்தாவதுக்கு 14 வயசு முடிஞ்சிருக்கணும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்போதைக்கு எங்க சிலபஸ் பனமரம்.

ஏன் பனைன்னா, நடந்து போற தூரத்துல இருக்கு, வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு குடுத்துக்கிட்டே இருக்கு, காசு கம்மி. வேற ஊர்ல இருந்தா தென்னையோ புளியமரமோ எடுத்திருப்பேன். பங்குனியில மொதல் வேலையா கரையில இருக்கற மரத்தயெல்லாம் எண்ணினோம். ஆண் மரத்துல விரல் வெரலா நீட்டமா பூ தொங்கும், பெண் மரத்துல குலையா காய் இருக்கும், அதனால பூ விட்ட மரத்த அஞ்சு வயசுப் புள்ளையே பிரிச்சு சொல்லிடும். வடலிய, அதாவது இளம் பனைய மட்டும் சொல்ல முடியாது, பூ விட 12, 15 வருஷம் ஆவும், அதுவரைக்கும் அது ஆணா பெண்ணான்னு பாத்து கண்டுபிடிக்க வழியில்ல. சாக்பீஸால நம்பர் போட்டோம், மழையில அழிஞ்சிடும்னு அப்புறம் காவிக்கல்லால போட்டோம். மொத்தம் 41 மரம், ஆண் 17, பெண் 15, வடலி 9. பெரியவ இத கட்டம் போட்டு கலர் அடிச்சு வச்சா, சின்னவன் 41 வரைக்கும் தடுமாறாம எண்ணக் கத்துக்கிட்டது இந்த மரத்துலதான்.

சித்திரையில நுங்கு வண்டி. இது ரொம்பப் பேருக்குத் தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு சக்கரம் ஆடாம செய்யறதில்ல. நுங்கு தின்னதும் காய வீசாதீங்க, மூணு கண்ணு இருக்கற காயா ஒரே சைஸ்ல ரெண்டு எடுங்க. மூணு கண்ணுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு பாருங்க, அதுதான் செண்டர், அங்கதான் ஓட்ட போடணும், அடிப்பக்கம் காம்பு இருந்த எடத்துக்கு நேரா வரணும். ஸ்க்ரூடிரைவர வச்சு நான் ஓட்ட போட்டுக் குடுத்தேன், அச்சுக்கு பென்சில விட கொஞ்சம் தடிமனா காஞ்ச வேப்பங்குச்சி 9 இன்ச், தள்றதுக்கு கவைக்குச்சி புள்ளையோட நெஞ்சு உயரம், சின்னவனுக்கு அது ரெண்டே முக்கா அடி வந்துச்சு. குச்சி ரொம்ப நீட்டமா இருந்தா வண்டி முன்னாடி ஓடிப்போயிடும், குட்டையா இருந்தா குனிஞ்சே ஓடணும். வெயில்ல காய் சுருங்கச் சுருங்க ஓட்ட லூஸாகும், அப்ப அச்சுல ஒரு துணிய சுத்தி மறுபடி ஏத்தணும், அத பெரியவ தானா கண்டுபிடிச்சு செஞ்சா. காய் ரோட்டோரம் 20 ரூபா, மரத்தடியில பனையேறி அண்ணன்கிட்ட வாங்கினா 10.

அந்த அண்ணன்கிட்ட நுங்கு வாங்கப்போன அன்னைக்குத்தான் மாவளிக்கான விஷயமே நடந்துச்சு. போன கார்த்திகைக்கு மாவளி சரியா வரலண்ணான்னு சொன்னேன். "பூவ எப்பம்மா எடுத்தீங்க?"ன்னாரு. ஐப்பசியிலண்ணான்னேன். "மழை குடிச்ச பூவு எப்படிம்மா பொறி விடும், இப்ப எடுத்து அட்டாலில போடு, ஆறு மாசம் கெடந்தாதான் அது பூவு"ன்னு சொல்லிட்டு அடுத்த காய வெட்டப் போயிட்டாரு.

விஷயம் அவ்ளோதான். ஆண் பனையோட பூ மகரந்தம் கொட்டி முடிஞ்சு சித்திரை, வைகாசியில மரத்துலயே காஞ்சு தொங்கும், தானா உதிர்ந்து மரத்தடியிலயும் கெடக்கும். நல்ல வெயில்ல அத எடுத்துடணும். நாங்க போன வருஷம் தீபத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப தேடினோம், மரத்தடியில மக்கி பூஞ்சை புடிச்சதுதான் கெடச்சுது, வெயில்ல ரெண்டு நாள் போட்டு காஞ்சிடுச்சுன்னு நெனச்சு சுட்டோம். வெளிய எரிஞ்சு சாம்பலாச்சு, உள்ள பாதி வேகாத கட்டை. அந்தத் தூள்ல செஞ்ச மாவளி சுத்தச் சுத்த பொகையா விட்டுச்சே தவிர பொறின்னு ஒண்ணும் வரல, பசங்க முகம் சுண்டிப்போச்சு.

இந்த வருஷம் வைகாசியிலயே எடுத்தோம். உதிர்ந்தத பசங்க பொறுக்கினாங்க, மரத்துல தொங்கினத அண்ணன் வெட்டிப் போட்டாரு, அதுக்கு 300 ரூபா குடுத்தேன். ரெண்டு அரிசிச் சாக்கு ரொம்பிச்சு. கையில எடுத்து ஒடிச்சா சடக்குன்னு சத்தம் வரணும், வளைஞ்சா அது இன்னும் காயல. ஒவ்வொண்ணையும் ஒடிச்சுப் பாத்துதான் சாக்குல போடணும்னு ரூல் வச்சதுல சின்னவனுக்கு அதுவே ஒரு விளையாட்டாயிடுச்சு, சத்தம் வந்தா ஒரு பக்கம், வரலன்னா வெயில்ல. சாக்கு வாயக் கட்டி அடுப்படிக்கு மேல அட்டாலில ஏத்திட்டோம், அடுப்புச் சூட்டுல ஈரம் ஏறாம இருந்துச்சு.

ஆடியில காத்தாடி. இதுக்கும் அதே கதைதான், முள்ளு, ஓலை, தட்டை மூணும் முன்னாடியே இருந்தா அரை மணி நேரத்துல செஞ்சிடலாம். கருவேலமுள்ளு நல்லா காஞ்சு வெள்ளையா ஆனது வேணும், பச்சை முள்ளு ஓலையோட ஒட்டிக்கும் சுத்தாது. சோளத்தட்டை தையில அறுத்தப்பவே ஒரு கட்டு எடுத்து வச்சிருந்தோம். ஓலை மட்டும் அன்னன்னைக்கு, ரொம்பக் காஞ்சா மடிக்கும்போது வெடிக்குது, அதனால தண்ணியில ஒரு மணி நேரம் ஊறப்போட்டு துடைச்சோம். ஒரு சாண் நீளம் ரெண்டு வெரல் அகலம், ரெண்டு துண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு கோத்து நாலு றெக்க வரணும், நடுவுல முள்ளக் குத்தி தட்டையில சொருகினா முடிஞ்சுது. றெக்க நாலும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கான்னு பாக்கணும், ஒண்ணு மாறி சாஞ்சா காத்து எவ்ளோ அடிச்சாலும் தலைய ஆட்டிக்கிட்டே நிக்கும்.

ஆவணியில பழம் விழ ஆரம்பிச்சுது. காலையில சீக்கிரம் போனாத்தான் நமக்கு, இல்லன்னா ஆடு மாடு தின்னுடும். சுட்டுத் தின்னுட்டு கொட்டைய எடுத்து வச்சு ஆவணி கடைசியில புதைச்சோம். சாதாரண வெதை மாதிரி இல்ல இது, மொளை கீழ் பக்கமா எறங்கும், அதனால கொட்டைய ஆழமா புதைக்கக்கூடாது, மண்ண மேடா குவிச்சு அதுக்கு மேலாக்க அடுக்கணும். ஏரி வண்டலும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து ரெண்டு அடி உயரத்துக்கு மேடு போட்டோம், நீளம் ஆறு அடி அகலம் மூணு அடி. கொட்டைய நெருக்கமா அடுக்கி மேல ஒரு சாண் மண்ணு, அப்புறம் காஞ்ச ஓலை. மண்ணு இறுகிப்போச்சுன்னா கெழங்கு வளைஞ்சு சப்பையா போகும்னு ஆயா சொன்னாங்க, அதனால மேட்டு மேல பசங்கள ஏற விடல. ஓரத்துல ஒரு கொட்டைய மட்டும் மொளை விட்டதும் எடுத்து வெட்டிப் பாத்தோம், உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி பூரான், ஆளுக்கு ஒரு வாய் வந்துச்சு. பெரியவ அத குறுக்கு வெட்டா படம் போட்டு வச்சிருக்கா, ஓடு, பூரான், மொளைன்னு பேரு எழுதி.

இதே சமயத்துல 23ஆம் நம்பர் மரத்துல தூக்கணாங்குருவி கூடு. பாதி கட்டி விட்டது அஞ்சாறு தொங்குது, ஆண் குருவி பாதி கட்டிட்டு பெண்ணக் கூப்பிடும், அதுக்குப் புடிக்கலன்னா அத அப்படியே விட்டுட்டு வேற கட்டும். மழைக்காத்துல ஒரு கூடு விழுந்துச்சு, காலியான கூடுதான், அத திண்ணையில வச்சு பிரிச்சோம். உள்சுவத்துல மண்ணு ஒட்டியிருந்துச்சு, கடலை சைஸுக்கு, காஞ்சு கெட்டியா, ரெண்டு மூணு எடத்துல. புல்லயும் ஓலைக் கீத்தயும் வச்சு இவ்ளோ நுணுக்கமா பின்னின கூட்டுக்குள்ள மண்ண எதுக்குக் கொண்டாந்து அப்பிச்சுன்னு பசங்க அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பேசினாங்க. விளக்கம் எதுவும் நான் சொல்லல. ஓலைக் கீத்து ஒண்ண எடுத்து ஸ்கேல்ல வச்சா ஒரு மில்லிமீட்டர் கூட அகலம் இல்ல, அதே அகலத்துக்கு பனை ஓலைய கிழிக்க ரெண்டு பேரும் நகத்தால முயற்சி பண்ணிப் பாத்தாங்க, நாலு வெரக்கட நீளம் வரதுக்குள்ள அறுந்துடுது.

ஐப்பசி கடைசியில கரி சுட்டோம். மழை விட்டு மூணு நாள் வெயில் அடிச்சதும் செஞ்சாச்சு, இன்னும் தள்ளிப்போட்டா மண்ணு ஊறிடும். தோட்டத்துல ஒன்றரை அடி ஆழம் ரெண்டு அடி அகலம் குழி, அடியில காஞ்ச ஓலை, மேல பூவ நிறுத்தி நெருக்கமா அடுக்கி பத்த வச்சோம். நெருப்பு ஏறி எல்லாம் செவசெவன்னு ஆகி, ஜுவாலை எறங்கி நீலமா லேசா ஆடும், அந்த நேரத்துலதான் மூடணும். முன்னாடி மூடினா கட்டையாவே நிக்கும், அஞ்சு நிமிஷம் தாமதிச்சா சாம்பல். மொதல்ல பச்ச வாழையிலை, அதுக்கு மேல ஈரச்சாக்கு, அதுக்கு மேல மண்ணு, எங்கயும் பொகை வராம அமுக்கணும். பொகை வர எடத்த கண்டுபிடிச்சு சொல்றதுதான் பசங்க வேலை, குழிலேருந்து பத்து அடி தள்ளி நின்னு "அங்க வருது இங்க வருது"ன்னு கத்துவாங்க, எங்க வீட்டுக்காரர் மண்வெட்டியோட ஓடுவாரு. ராத்திரி பூரா மூடியே வச்சு மறுநாள் காலையில தொறந்தோம். நல்ல கரின்னா எடுத்தா வெயிட்டே இருக்காது, தட்டினா கண்ணாடி வளையல் மாதிரி கணகணன்னு கேக்கும், பூவோட வடிவம் அப்படியே இருக்கும், அந்தச் சின்னச் சின்ன செதில் கூட தெரியும். சின்னவன் ஒண்ண உள்ளங்கையில வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு அத மட்டும் பொடிக்கக்கூடாதுன்னு எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டான். ரெண்டு சாக்குப் பூவுக்கு கால் பக்கெட் கரி வந்துச்சு.

பொடிக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. போன தடவ மிக்ஸியில மைமாதிரி அரைச்சிருந்தேன். ஆயா அத கேட்டுட்டு, அவ்ளோ நைஸா இருந்தா இறுகிப்போயி காத்து உள்ள போகாதுடின்னாங்க. அதனால இந்த தடவ உரல்ல இடிச்சு சல்லடையில சலிச்சோம், மைதா சலிக்கறது வேணாம், ரவை சலிக்கறது. மேல நிக்கற கப்பிய மறுபடி இடிச்சோம். கப்பி கலந்துட்டா சுத்தும்போது துண்டு துண்டா நெருப்பு தெறிக்கும், அது ஆபத்து. கரித்தூள் பறக்கும், அதனால காத்து நம்ம முதுகுக்குப் பின்னாடிலேருந்து அடிக்கற மாதிரி உக்காந்துக்கணும், எல்லாரும் மூக்குல ஈரத்துண்டு கட்டிக்கிட்டோம். உப்பு கலந்தா நல்லா வெடிக்கும்னு தெருவுல சொன்னாங்க, ஒரு பொட்டலத்துல மட்டும் ஒரு ஸ்பூன் கல்லுப்பு பொடிச்சு கலந்து பாத்தோம், எங்க கண்ணுக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியல. தூள ஒரு நாள் வெயில்ல காயவச்சு எவர்சில்வர் தூக்குல போட்டு இறுக்க மூடி வச்சாச்சு, கார்த்திகை மாசத்துக் காத்துல கரி ஈரத்த உறிஞ்சிக்கும், தொறந்து வைக்கவே கூடாது.

கட்டறதுக்கு துணி காட்டன்தான், வேற எதுவும் ஆவாது, பாலியஸ்டர் உருகி நெருப்போட கையில ஒட்டிக்கும். பழைய வேட்டிய ஒரு முழம் நீளம் ஒரு சாண் அகலம் கிழிச்சோம். தூள நடுவுல நீட்டமா கொட்டி அமுக்கிச் சுருட்டணும், கடைசியில ஒரு புடி தடிமன், எட்டு ஒம்போது இன்ச் நீளம். ஒரு வெரக்கடைக்கு ஒரு சுத்துன்னு பருத்தி நூலால கட்டினோம். நான் ரொம்ப இறுக்கமா கட்டிட்டிருந்தத ஆயா பாத்துட்டு பிரிக்கச் சொன்னாங்க, அமுக்கினா லேசா உள்ள போகணுமாம், கல்லு மாதிரி இருந்தா தூள் கீழ எறங்காது. பெரியவ கட்டினது நான் கட்டினத விட சரியா இருந்துச்சு.

அப்புறம் பனை மட்டை. இது முக்கியம், பச்சை மட்டையா இருக்கணும். போன வருஷம் காஞ்ச மட்டைய வச்சிருந்தோம், தணல் பட்டதும் மட்டையே புடிச்சிக்கிச்சு. பச்சை மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் கருக்கு இருக்கும், ரம்பப் பல்லு மாதிரி, பசங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி அத கத்தியால சுத்தமா சீவிடுங்க, லேசா பட்டாலே அறுத்துடும். ஒன்றரை அடி வெட்டி மூணா பொளந்து, நடுவுல பொட்டலத்த வச்சு மேலயும் கீழயும் கட்டினோம். மேல் கட்டு கட்டுக்கம்பிலதான் கட்டணும். அதோட ஒரு முழ நீளத்துக்கு கம்பியையே முறுக்கி நீட்டி, அதுக்கப்புறம்தான் கயிறு. நேரா கயித்த கட்டினா தணல் பட்டு சுத்தும்போதே அறுந்து பறந்துடும், அது யார் மேல விழும்னு சொல்ல முடியாது. கயிறு பெரியவங்களுக்கு மூணரை அடி. கால் கிலோ கட்டுக்கம்பி 25 ரூபா, நூல்கயிறு 30 ரூபா, பூவுக்குக் குடுத்த 300ம் சேத்து மொத்தம் 355 ரூபா, ஆறு மாவளி செஞ்சோம்.

தீபத்தன்னைக்கு சாயங்காலம் தூறல். நல்லவேள ஏழு மணிக்கு விட்டுச்சு. கூரை வீடு, வைக்கப்போர் எதுவும் பக்கத்துல இல்லாத எடம் வேணும்னு அறுவடை முடிஞ்ச மணிலா (வேர்க்கடலை) கொல்லைக்குப் போனோம். இருபது அடி தள்ளி சுண்ணாம்புல வட்டம் போட்டு, புள்ளைங்க யாரும் அத தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டோம், ரெண்டு பக்கெட் தண்ணி, எல்லாருக்கும் காட்டன் டிரெஸ், கால்ல செருப்பு. பொட்டலத்தோட அடியில கொட்டாங்கச்சி தணல வச்சு விசிறினோம், துணி எரிஞ்சு உள்ள இருக்கற கரி செவக்கற வரைக்கும் பொறுமையா இருக்கணும், ஒரு பத்து நிமிஷம் புடிச்சுது. அப்புறம் எங்க வீட்டுக்காரர் மெதுவா ஊஞ்சல் மாதிரி முன்ன பின்ன ஆட்டிட்டு தலைக்கு மேல சுத்த ஆரம்பிச்சாரு. மொதல் நாலு சுத்துக்கு செவப்பா ஒரு கோடு மட்டும் வந்துச்சு. அஞ்சாவது சுத்துல குபுகுபுன்னு பொறி கொட்டுச்சு, பொன் நெறத்துல பெரிய வட்டமா, கயிறு நீளத்த விட ரெண்டு பங்கு அகலத்துக்கு. பொறி ரொம்ப நைஸா இருக்கறதால தரையத் தொடறதுக்குள்ள அணைஞ்சிடுது. ஒரு மாவளி கிட்டத்தட்ட கால் மணி நேரம் தாங்குச்சு. தெருப் புள்ளைங்க எல்லாம் சேந்து "மாவளியோ மாவளி"ன்னு கத்தினதுல எங்க வீட்டு ரெண்டு பேருக்கும் தொண்ட கட்டிப்போச்சு.

பெரியவளுக்கு மட்டும் அப்பா பின்னாடி நின்னு கைய புடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்த விட்டோம், பொறி நல்லா கொறைஞ்ச மாவளியில. சின்னவனுக்கு தணல் வைக்காத மாவளிய பகல்லயே குடுத்து சுத்தச் சொல்லியிருந்தேன், சுத்தற வேகத்துக்கு கயிறு எப்படி கைய இழுக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சதால ராத்திரி குடுன்னு அடம் புடிக்கல. அஞ்சு வயசுப் புள்ளைங்க கையில எரியற மாவளிய குடுக்கவே கூடாதுன்றது என் முடிவு, தள்ளி நின்னு பாத்தாலே அவங்களுக்குப் போதும்.

மிச்சம் இருந்த தூள் ஒரு டம்ளர். அத வச்சு இந்த மார்கழியில ஓலையில எழுதினோம். குருத்தோலைய ஈர்க்கு எடுத்துட்டு ரெண்டு வெரல் அகலத்துக்கு வெட்டி, மஞ்சத்தூள் போட்ட தண்ணியில அரை மணி நேரம் கொதிக்க வச்சு, நெழல்ல காய வச்சு, அம்மிக்கல்லுக்கு அடியில ஒரு வாரம் வச்சேன், சுருளாம நேரா வந்துச்சு. எழுத்தாணிக்கு ஒரு மூணு இன்ச் ஆணிய கருங்கல்லுல தேச்சு முனைய லேசா மழுக்கி, புடிச்சுக்க ஒரு குச்சியில சொருகிக் குடுத்தேன். எழுதும்போது ஒண்ணும் தெரியாது, கீறல் மட்டும்தான். கரித்தூள்ல நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டு துணியால தேச்சு துடைச்சா எழுத்து கருப்பா எழும்பி வரும், அப்ப ரெண்டு பேரும் போட்ட கூச்சல் தீபத்தன்னைக்குப் போட்டத விட ஜாஸ்தி. சின்னவன் "அம்மா"ன்னு எழுதினான், ம் மேல புள்ளிய வழக்கம் போல அழுத்தி வச்சதும் ஓலை பொத்துக்கிச்சு. பழைய சுவடியில புள்ளி வைக்காமயே எழுதியிருக்கறது இதனாலதான்டான்னு காமிச்சேன். ஓலையில நேர்கோடு நாருக்கு ஒத்தாப்ல போகும்போது கிழியுது, வளைச்சு எழுதினா கிழியல, அதையும் அவங்களே எழுதி எழுதி கண்டுபிடிச்சாங்க. கணக்குப் பாத்தா இந்த வருஷம் எழுத்துப் பயிற்சியில அதிக நேரம் உக்காந்தது இந்த ஓலைக்குத்தான்.

அடுத்த வருஷத்துக்கு மாத்தறது கொஞ்சம் இருக்கு. குழிய இன்னும் சின்னதா ரெண்டா தோண்டலாம்னு இருக்கோம், ஒரே குழியில நடுவுல இருந்ததும் ஓரத்துல இருந்ததும் ஒரே நேரத்துல வேகல, ஓரத்துல எடுத்ததுல கால்வாசி கட்டையாத்தான் இருந்துச்சு. மூக்குக்குத் துண்டு பத்தல, பசங்களுக்கு அளவான மாஸ்க் வாங்கணும். கருக்கு சீவ எனக்கு ஒரு நல்ல தோட்டத்துக் கையுறை வேணும், கடையில 80 ரூபா சொன்னாங்க. கரிய தீபாவளிக்கு முன்னாடியே, புரட்டாசி வெயில்லயே சுட்டு வச்சுட்டா மழையோட போராட வேண்டியதில்ல. நோட்டுல பின்பக்கம் மாசம் பேரு எழுதி எதெது எடுத்து வைக்கணும்னு பெரியவ ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கா, தையில சோளத்தட்டை, மாசியில கருவேலமுள்ளு, வைகாசியில ஆண்பூ, ஆவணியில கொட்டைன்னு அவ கையெழுத்துல இருக்கு.

கெழங்கு மேட்ட பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெட்டப்போறோம். முக்கால்வாசி அவிக்க, மீதி ஒரு வரிசைய தொடாம விட்டு அதுல மொளைச்சு வரத பேத்து கரையில காலியா இருக்கற எடத்துல வைக்கறதா பேச்சு, கெழங்கு நேரா கீழ எறங்கியிருக்கும்ன்றதால பேக்கறப்ப அது ஒடியாம வருமான்னு எனக்கு சந்தேகம்தான், அதனால கரையிலயே நேரடியா புதைக்கறதுக்கு கொஞ்சம் கொட்டையும் தனியா வச்சிருக்கோம். நீங்களும் வர கார்த்திகைக்கு மாவளி செய்யறதா இருந்தா சித்திரை பொறந்ததுமே உங்க ஊர் பனையேறிகிட்ட ஆண்பூ வேணும்னு சொல்லி வச்சிடுங்க, காஞ்சத நெறைய பேரு அடுப்பெரிக்க அள்ளிட்டுப் போயிடறாங்க.